பதினோரு மணி ஆய்வு

அம்மாவை எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைப்பது என்று லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை. பதினோரு மணிக்கு நலத்துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள்.

பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. வீட்டு நோயாளியைச் சம்பளமில்லாமல் கவனித்துக்கொள்கிறவர்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு, இவர் போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். ‘பராமரிப்பவர் பெயர்’ என்ற கட்டத்தில், கேஸ் இணைப்புக்கும் மின் இணைப்புக்கும் எழுதிய அதே வேகத்தில், கை தன் பெயரையே எழுதிவிட்டது. அடித்துத் திருத்தக் கூச்சமாக இருந்தது. அப்படியே கொடுத்துவிட்டார்.

இன்று காலை, “உன் தங்கச்சியப் போய்ப் பாத்துட்டு வாயேன்” என்று மனைவியை அனுப்பியும் வைத்தார். ஏன் என்றுகூட அவள் கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது.

அதிகாரி அம்மாள் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் கோப்பும் கையுமாக அலுவலக உதவியாளர்.

“காலையில அம்மாவுக்கு என்ன மாத்திரை தர்றீங்க?”

ஜன்னலோரம் இருந்த டப்பாவை டக்கென்று எடுத்துக் காட்டினார்.

“அது உன் பிரஷர் மாத்திரைடா,” என்றாள் அம்மா படுக்கையிலிருந்து. “அதையும் அவதான் எடுத்துக் குடுக்கணும்.”

“முதல்ல டீ சாப்பிடுங்க மேடம்” என்று சமையலறைக்குள் நழுவினார். ஏழு டப்பா திறந்தும் சர்க்கரை அகப்படவில்லை. மனைவிக்குப் போன் போட்டார். பதற்றத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டது அவருக்குத் தெரியவில்லை.

“சர்க்கரை எங்க வச்சிருக்க?”

“எதுக்குங்க?”

“டீ போடறேன்.”

“நீங்களா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்றது போன், கூடம் வரைக்கும் கேட்கும்படி.

“டீ வேணாம் சார்,” என்று அதிகாரி குரல் கொடுத்தார். “அம்மாவ நாற்காலிக்கு மாத்திக் காட்டுங்க, போதும்.”

ஏற்றி இறக்குவதுதானே நம் தொழில் என்று குனிந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை.

“ரெண்டு மாடிக்கு நடுவுல நிப்பாட்டிட்டியேடா! அவ கழுத்தக் கட்டிக்கச் சொல்லுவா. பூ மாதிரி வந்துருவேன்.”

உதவியாளர் ஓடிவந்து தாங்கினார். அம்மா நாற்காலிக்குப் போனாள். மெக்கானிக் இடுப்பைப் பிடித்தபடி அம்மாவின் கட்டிலில் சாய்ந்தார்.

கட்டில் விளிம்பிலிருந்து பார்த்தால், நாற்காலிக்குக் கீழே அம்மாவின் பாதங்கள். நகங்கள் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தன. குதிகாலில் எண்ணெய் மினுமினுத்தது. இதெல்லாம் எப்போது நடக்கிறது, யார் செய்கிறார்கள் என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“மேடம், என் பேரை அடிச்சிருங்க,” என்றார். “பாத்துக்கறது என் சம்சாரம். நான் ஒரு துரும்பக்கூட நகத்தினதில்ல. வெக்கமா இருக்கு.”

அதிகாரி பேனாவை மூடினார். “அப்ப அவங்கள ஒரு மனு போடச் சொல்லுங்க.”

உதவியாளர் கோப்பைப் புரட்டினார்.

“போன மாசமே போட்டுட்டாங்க மேடம். வீட்டுல அவங்க கவனிச்சுக்கற நோயாளிங்கன்னு ரெண்டு பேரை எழுதியிருக்காங்க: ஒண்ணு நாற்காலியில இருக்கிற இந்தம்மா, இன்னொண்ணு கட்டில்ல படுத்திருக்கிற இவரு.”