கரவொலிப் படிவம் எண் மூன்று

வசந்தம் வந்ததும் மரங்கள் துளிர்க்கின்றன. மாநகராட்சி கலைவிழா நடத்துகிறது. மரங்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மாநகராட்சி மட்டும் தன்னிடமே அனுமதி கேட்டுத் தனக்கே கடிதம் எழுதி, மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு தனக்கே அனுமதி வழங்கிக்கொள்ளும். அப்புறம் பதினேழு நாட்களுக்கு நகரத்தில் நாடகம், கச்சேரி, ஓவியக் கண்காட்சி என்று திரும்பிய பக்கமெல்லாம் கலைதான். ஓடி ஒளிய இடமிருக்காது.

அந்த ஆண்டு துளிர்களுக்கு முன்னால் ஒரு தணிக்கைக் குறிப்பு வந்து சேர்ந்தது. "சென்ற ஆண்டு விழாவினால் பொதுமக்கள் பெருமகிழ்ச்சி அடைந்தனர் என்று அறிக்கையில் கூறப்பட்டுள்ளது. மேற்படி மகிழ்ச்சிக்கான ஆதாரம் கோப்பில் இணைக்கப்படவில்லை. உரிய விளக்கம் தரவும்." அலுவலகம் ஆடிப்போயிற்று. இருபது ஆண்டுகளாக மக்களை ஆதாரம் இல்லாமலே மகிழ்வித்து வந்திருக்கிறார்கள்! எப்பேர்ப்பட்ட முறைகேடு!

ஆணையரே மூளையைக் கசக்கி வழி கண்டார். மகிழ்ச்சி வந்தால் மனிதன் கைதட்டுகிறான். கைதட்டலை அளந்தால் மகிழ்ச்சியை அளந்த மாதிரி. சரி, யார் அளப்பது? அளப்பதற்கென்றே ஓர் ஆளை மாநகராட்சி எடை அளவுப் பிரிவில் வைத்திருந்தது. கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதைச் செய்ததில், பெற்றோர் வைத்த பெயர் பணிப்பதிவேட்டில் மட்டும் தங்கிவிட்டது. மற்றபடி எல்லாருக்கும் அவர் தராசுதான். வீட்டில் மனைவி இரண்டு டம்ளரில் பால் ஊற்றினால்கூட, குனிந்து கண்ணை விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

அவரைக் கலைப் பிரிவுக் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றதோடு தன் கலைவாழ்க்கையை முடித்துக்கொண்டவர் அந்தக் கண்காணிப்பாளர்.

"தினம் சாயங்காலம் போய் நீங்க கைதட்டலை அளக்கணும்" என்று சொல்லி, ஒரு ஸ்டாப்வாட்ச்சையும் ஒரு கட்டுப் படிவத்தையும் தள்ளி வைத்தார்.

"விசில் அடிச்சா என்ன செய்யறது சார்?"

"அது வாய். சுகாதாரப் பிரிவு பார்த்துக்கும்."

"யாராவது அழுதா?"

"கண்ணீரா? அது குடிநீர் வடிகால் பிரிவு. நமக்குக் கை மட்டும்தான்."

"எதுக்காகக் கைதட்டறாங்கன்னு எழுத வேண்டாமா சார்?"

கண்காணிப்பாளர் சிரித்தார். "என்னங்க இது, நீங்க போய் இப்படிக் கேக்கறீங்க? வெங்காயத்தை நிறுத்தா, அது அழுகலா நல்லதான்னு தராசு சொல்லுமா?"

"சொல்லாது சார். எடையை மட்டும்தான் சொல்லும்." இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடைக்காரர்களிடம் அவரே சொல்லி வந்த வாசகம் அது. அதைச் சொல்லும்போது அவர் முதுகு தானாக நிமிர்ந்தது.

ஆணையின் கடைசிப் பத்தியை அவர் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தார். "விழாவில் மிகக் குறைந்த கரவொலி பெறும் குழுவிடமிருந்து மாநகராட்சி வழங்கியுள்ள ஒத்திகை அறை திரும்பப் பெறப்பட்டு, மிக அதிகக் கரவொலி பெறுபவருக்கு ஒதுக்கப்படும்." இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தார். ஏனென்றால் அவர் தங்கைக்கு அப்படி ஓர் அறை இருந்தது.

தங்கை பகலில் தையல் கடையில் காலர் வெட்டுகிறவள். மாலையானால் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போடுவாள். ஒத்திகை அறை, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தின் மாடியில். கீழே வருவதையும் போவதையும் எழுதிக்கொள்வார்கள். நடுவில் நடப்பதையெல்லாம் மாடியில் இவள் பார்த்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக அந்த அறைதான். அது போனால் வேறு போக்கிடம் கிடையாது.

ஆணையைப் பற்றிக் கேள்விப்பட்டு அவளே வந்தாள். "அண்ணா, நீங்கதான் அளக்கப் போறீங்களாமே?"

"ஆமாம்மா. அதுக்காக நீ ஏதும் எதிர்பார்க்காதே. தட்டுல விரலை வச்சு அமுக்கறவனைப் பிடிக்கறதுதான் என் வேலை. நானே வைக்க முடியுமா?"

"நான் விரலை வைக்கச் சொல்லலையே. சரியா அளங்க. அது போதும்."

சரியாக அளப்பது என்றால் அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

தொடக்க விழாவில் ஆணையர் வரவேற்புரை ஆற்றினார். கலை என்றால் என்ன என்று தொடங்கி, கலை என்றால் என்ன இல்லை என்பது வரைக்கும் போனார். பன்னிரண்டாவது நிமிடத்தில் பின்வரிசையில் யாரோ மெதுவாகக் கைதட்டினார்கள். "போதும், உட்காருங்கள்" என்பதற்கு நம் மக்கள் வைத்திருக்கும் மரியாதையான சைகை அது. பக்கத்து வரிசை சேர்ந்துகொண்டது. அரங்கமே சேர்ந்துகொண்டது. ஆணையர் நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கிவிட்டு, இரட்டிப்பு உற்சாகத்தோடு தொடர்ந்தார். அவர் தொடரத் தொடர இவர்கள் தட்ட, இவர்கள் தட்டத் தட்ட அவர் தொடர, தராசு ஸ்டாப்வாட்ச்சை அமுக்கியபோது முள் நான்கு நிமிடம் நாற்பது விநாடி காட்டியது.

மறுநாள் அவர் கண்காணிப்பாளரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், அது உக்காரச் சொல்லித் தட்டின கைதட்டல்."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லை."

"மேடையில அப்ப யார் இருந்தது?"

"ஆணையர்தான்."

"அப்ப அவர் கணக்குல எழுதுங்க. என்னங்க, வெங்காயம் ஞாபகம் இருக்கா?"

தராசு எழுதினார். அதைப் பார்த்த ஆணையர், தனக்குள் இத்தனை காலம் ஒரு கலைஞன் கேட்பாரற்றுக் கிடந்ததை உணர்ந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நிகழ்ச்சிக்கு முன்னாலும் அவர் உரை நிகழ்ந்தது. ஒவ்வொரு நாளும் மக்கள் கைதட்டிக் கைதட்டி அவரை முதலிடத்துக்கு உயர்த்தினார்கள்.

இதற்குள் விஷயம் நகரத்தில் பரவிக் கலையின் போக்கே மாறிவிட்டது. வயலின்காரர் நாலு இழுப்புக்கு ஒருமுறை வில்லைத் தூக்கிவிட்டுச் சபையை ஒரு பார்வை பார்த்தார்; தட்டினால்தான் அடுத்த இழுப்பு. ஒரு சோக நாடகத்தில் கதாநாயகி சாகும்போது தோழிகள் கைதட்டினார்கள். கேட்டால் சாவை விரட்டுகிறார்களாம். கலைஞர்கள் மாமன் மச்சான், சித்தி, பெரியப்பா என்று குடும்பத்தோடு வந்து முன்வரிசையை அடைத்தார்கள். நாகரிக வட்டாரங்களில் உள்ளங்கை சிவந்திருப்பதுதான் அந்த வசந்தத்தின் அலங்காரம். கைதட்டிச் சிவக்க நேரமில்லாதவர்கள் சாயம் பூசிக்கொண்டு வந்தார்கள். அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. "கைகோத்து அமரும் காதலர்களால் ஜோடிக்கு இரண்டு கை வீதம் இழப்பு ஏற்படுவதால், அரங்கினுள் கைகோத்தல் தடை செய்யப்படுகிறது" என்று சுற்றறிக்கை விட்டது.

பாவம், ஓவியர்கள்தான் தவித்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு யார் கைதட்டுவார்கள்? தராசு கண்காட்சியில் மூன்று மணி நேரம் கால் கடுக்க நின்றார். கடைசியில் ஒரு பெரியவர் ஒரு நீலப் படத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கையாலும் பளீரென்று ஒரு கொசுவை அடித்தார். தராசு நேர்மையாக எழுதினார்: ஒரு விநாடி.

பன்னிரண்டாம் நாள் தங்கையின் நாடகம். வழக்கம்போல ஆணையர் முதலில் பேசினார். நாடகம் தொடங்கட்டுமே என்ற ஆத்திரத்தில் மக்கள் ஆறு நிமிடம் தட்டினார்கள்.

நாடகம் எளிய கதை. அம்மா இறந்துபோன வீட்டில் அண்ணனும் தங்கையும் சாமான்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். கட்டில் உனக்கு, கடிகாரம் எனக்கு என்று சண்டை. எல்லாம் பிரித்த பிறகு ஆணியில் ஒரு பழைய குடை மட்டும் தொங்குகிறது. அதை எடுக்க இருவருக்கும் மனமில்லை. வெளியே மழை. அண்ணன் குடையை எடுத்துத் தங்கையிடம் கொடுக்கிறான். அவள் அதை விரிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். விளக்கு அணைகிறது.

குடையைப் பார்த்ததுமே தராசுக்கு அடையாளம் தெரிந்தது. கைப்பிடியில் கறுப்பு நூல் சுற்றிய அந்தக் குடை அவர்களுடைய சொந்த அம்மாவுடையது. அம்மா போன வாரத்தில் பங்கு பிரிக்கக் கட்டிலுக்கு அவர் அளவு எடுத்ததும், தங்கை மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தன. அவருக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

விளக்கு எரிந்தது. யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. முந்தானையாலும் கைக்குட்டையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி சத்தம்கூட வராமல் எழுந்து போகத் தொடங்கினார்கள்.

நாம் ஒருமுறை தட்டினால் போதும், எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள் என்று தராசுக்குத் தெரிந்தது. அவரிடமும் இரண்டு கைகள் இருந்தன. ஒன்றில் ஸ்டாப்வாட்ச், இன்னொன்றில் பேனா. அளக்கிறவன் தட்டில் விரல் வைக்கலாமா? அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் எழுதினார்: பூஜ்யம்.

கொசு புண்ணியத்தில் ஓவியர்கள் தப்பினார்கள். தங்கைதான் கடைசி. ஆணையருக்கு முதலிடம், பேச்சுப் பயிற்சிக்காக அந்த மாடி அறையை அவருக்கு ஒதுக்கக் கோப்பு தயாரானது. தங்கை சாமான்களை மூட்டை கட்டும்போது தராசு போய் நின்றார்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க அழுதீங்கதானே?"

"அழுதேன்மா."

"அதை எங்கே எழுதினீங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லைம்மா."

அவள் மூட்டைக்கு முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். அவருக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

நிறைவு விழாவில், அளவீட்டைப் பிழையின்றி முடித்ததற்காகத் தராசுக்குக் கேடயம் கொடுத்தார்கள். "இரண்டு வார்த்தை பேசுங்க" என்றார் கண்காணிப்பாளர். தராசு ஒரு முடிவோடுதான் மேடையேறினார். உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டியது. ஆணையருக்குக் கிடைத்தவை உட்காரச் சொன்ன கைதட்டல்கள் என்றும், அந்தப் பூஜ்யம்தான் விழாவிலேயே கனமான எடை என்றும், அறையைத் தங்கைக்கே திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்லிவிட வேண்டியது.

ஆனால் பழக்க தோஷம், தராசிலிருந்து தொடங்கினார். முள் எப்படி நேராக நிற்க வேண்டும், தட்டு எப்படித் துடைத்திருக்க வேண்டும் என்று விளக்கியதில் ஐந்து நிமிடம் ஓடிவிட்டது. சபை நெளிந்தது. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"பன்னிரண்டாம் நாள் ஒரு நாடகம். நான் பூஜ்யம்னு எழுதினேன். ஆனா... நான் அழுதேன்."

கடைசி வரிசையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாயிலிருந்து அது வந்ததும் அவளையறியாமல் கைதட்டினாள். பதினேழு நாட்களிலும் மனசிலிருந்து வந்த கைதட்டல் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பதினேழு நாள் பழகிய சபைக்குப் பின்வரிசையில் ஒரு கை தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அரங்கம் மொத்தமும் சேர்ந்துகொண்டது. "கொஞ்சம் இருங்க, விஷயமே இனிமேதான்" என்று தராசு கத்தியது அவருக்கே கேட்கவில்லை. கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சின் மேல் அவருடைய வலது கட்டைவிரல் மட்டும் தன் கடமையைச் செய்தது. எட்டு நிமிடம் பன்னிரண்டு விநாடி. புதிய உச்சம்.

ஆணைக்கு விதிவிலக்கு கிடையாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆணையர் கையெழுத்துப் போட, மாடி அறை தராசுக்கு வந்து சேர்ந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சு. எங்களுக்கே குடுத்துடுங்க அண்ணா" என்றாள் தங்கை.

"குடுத்துடலாம்மா. ஒதுக்கினவர் மூணு மாசம் பயன்படுத்தினாத்தான் மாத்தித் தர முடியும்னு விதி. அதுக்காகவாவது நான் தினம் போய்ச் சும்மா ரெண்டு வார்த்தை பேசிப் பார்த்துட்டு வரேன்."

மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று. அடுத்த விழாவின் தொடக்க உரைக்கு ஆணையரோடு அவர் பெயரும் பரிசீலனையில் இருந்தது. தங்கை கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மாலை, மூட்டையில் சேராமல் விட்டுப்போன குடையை எடுக்க அவள் மாடியேறினாள். உள்ளே தராசு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். "ஆனா... நான் அழுதேன்" என்று குரல் தழுதழுக்கச் சொல்லி, நிறுத்தி, காத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே. போன தடவை இந்த இடத்துலதான் கைதட்ட ஆரம்பிச்சாங்க. குறிச்சு வச்சிருக்கேன். அதனால இப்ப மூணு இடத்துல அழறேன். எப்படி இருக்கு சொல்லு?"

தங்கை ஆணியிலிருந்த குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். வாசற்படியில் நின்று அண்ணனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாக, கைதட்டத் தொடங்கினாள்.

தராசு சட்டைப் பைக்குள் கையை விட்டு ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார்.