மலை ரயிலில் ஒரு தெம்போயாக் டப்பா

வெளிநாட்டில் போய் இறங்கிய மறுநாளே அந்த ஊர்க்காரன் மாதிரி நடிக்க ஆரம்பிக்கும் ஆசாமிகள் உண்டு. அவர்களை நம்பி எதையும் கொடுத்தனுப்பக் கூடாது. மோகனின் அம்மாவுக்கு இது தெரியவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டுக்கு ஊர் சுற்றக் கிளம்பிய எங்கள் மூன்று பேரில் என்னைப் பார்த்து அந்த டப்பாவைக் கொடுத்தார்.

"எம் மவன் போற எடத்துல செருப்பையே வுட்டுட்டு வர்றவன். சலீமு எதுக்கெடுத்தாலும் சிரிப்பான். நீதான் பொறுப்பான புள்ள," என்றார். (நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

டப்பாவுக்குள் இருந்தது தெம்போயாக். ஊரையே கூட்டும் வாசமுள்ள டுரியான் பழத்தின் சுளையை உப்புப் போட்டுப் பிசைந்து, மூடிப் புளிக்க வைப்பது. மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்து மலாய்க்காரர் வீடுகளில் அது இல்லாமல் மீன் குழம்பு இறங்காது. ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த மோகன் அம்மாவுக்கும் அவருடைய அக்காவுக்கும், பக்கத்துக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்கார அம்மா ஒருவர் அந்த ருசியைப் பழக்கிவிட்டிருந்தார். அக்கா கல்யாணமான புதிதிலேயே கப்பலேறிவிட்டார். கணவருக்குக் குடியுரிமை இல்லை, வேலை பெர்மிட்டும் கிடைக்கவில்லை. போய்ச் சேர்ந்தது குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதன்பிறகு மலேசியாவுக்குத் திரும்பவே இல்லை.

இப்போது அவருக்கு உடம்பு முடியவில்லை. சாப்பாடு இறங்குவதில்லை. ஒருநாள் வாட்ஸ்அப்பில் தங்கச்சியிடம், "ஒரு வாய் தெம்போயாக் கெடைக்குமாடி?" என்று கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கோ டயாலிசிஸ். ஈப்போவை விட்டு நகர முடியாது. டுரியான் சீசனும் முடிகிற நேரம். கடைசிப் பழங்களாகத் தேடி வாங்கி, தன் கையால் பிசைந்து, டேப் ஒட்டி, பிளாஸ்டிக் சுற்றி என்னிடம் ஒப்படைத்தார்.

"போய் எறங்குனதும் டேப்ப பிரிச்சிரு. தெனமும் ஒரு தடவ மூடியத் தொறந்து காத்து வுடு. புளிக்கிற சாமான்லா. அடைச்சே வெச்சா பொங்கிரும்."

தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மதுரையில் இறங்கியதுமே கட்டம் போட்ட சட்டையும் ரப்பர் செருப்பும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். பேச்சில் எங்கள் மலேசிய 'லா' வராமல் பார்த்துக்கொண்டேன். டீக்கடையில் "ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்று அலட்சியமாகச் சொல்லிப் பழகினேன். "மலேசியாவா சார்?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். பஸ் கண்டக்டர் கேட்டார். ஹோட்டல் வாசலில் படுத்திருந்த நாய்கூட அப்படித்தான் பார்த்தது. ஆனாலும் நான் விடவில்லை. இப்படிப்பட்டவன் ஹோட்டல் அறையில் தெம்போயாக்கைத் திறந்து, ரூம் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பானா? டப்பா ஒட்டின டேப்போடு அப்படியே பைக்குள் கிடந்தது. மோகன் கேட்டபோதெல்லாம், "தெறந்து வெச்சேன் மச்சான்," என்றேன்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, வண்டி மனிதர்கள் நடக்கிற வேகத்தில் காட்டுக்குள் ஏறியது. எதிர் இருக்கையில் ஈரோட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. பெரியவர், அவர் மனைவி, மகள், பேரப்பிள்ளைகள். அவர்களோடு முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டே, மழை பெய்ததா, மஞ்சள் என்ன விலை என்றெல்லாம் நான் விசாரித்தேன். மஞ்சள் எந்த மாதத்தில் விளையும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜன்னலோரம் என் இடம். டப்பா இருந்த தனிப் பை என் காலடியில்.

குகை வந்தது. அங்கே ஒரு வழக்கம், குகைக்குள் வண்டி நுழைந்ததும் இருட்டில் எல்லாரும் ஓவென்று கத்துவார்கள். நானும் ஊர்க்காரன் அல்லவா, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். அந்தக் கூச்சலுக்கு நடுவே 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கத்தல் ஒவ்வொன்றாக அடங்கியது.

வெளிச்சம் வந்தபோது ஈரோட்டுக் குடும்பம் மொத்தமும் மூக்கைப் பொத்தியிருந்தது.

"எலி கிலி செத்துக் கெடக்குதுங்களா?" என்றார் அந்த அம்மா.

"ஆமாங்க, வண்டிய எங்கீங்க கழுவறாங்க!" என்றேன் நான், நானும் மூக்கைப் பொத்திக்கொண்டு. சலீம் சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டான். மோகன் மட்டும் என்னையே பார்த்தான். மூடியை நான் திறக்கவே இல்லை என்பது அந்த நிமிஷத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தப் பையிலிருந்துதானுங்க வருது. ஆருதுங்க இது?" என்றார் பெரியவர்.

மோகன் வாயைத் திறந்தான். அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"எங்களுது இல்லீங்க," என்றேன். கொங்குத் தமிழ் எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

"ஆருதும் இல்லீன்னா வீசிப் போடுங்க தம்பி. குண்டு கிண்டு இருந்து தொலைச்சா? கொழந்தைங்க இருக்குதல்ல," என்றார் அவர். நான்தானே ஜன்னலோரம்! எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை, என்னுடையதுதான் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார்கள், இரண்டு திட்டுத் திட்டியிருப்பார்கள், குன்னூர் வந்ததும் மறந்திருப்பார்கள். நான் பையைத் தூக்கினேன். உள்ளே கசிந்தது என் சட்டைக் கையில் வழிந்தது. வெளியே நீட்டி விட்டுவிட்டேன். பை மரக்கிளைகளில் மோதிக்கொண்டே பள்ளத்துக்குள் போனது.

"டேய்! எங்கம்மா செஞ்சதுடா அது!" என்று மோகன் கத்தினான். ஈரோட்டு அம்மா கையிலிருந்த முறுக்கை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

அடுத்து தண்ணீர் பிடிக்க வண்டி நின்றதும், தண்டவாளத்தோடு திரும்பி நடந்து போய்த் தேடுகிறேன் என்று மோகன் இறங்கிவிட்டான். யானை நடமாட்டம் என்று ரயில்வே ஊழியர் அவனைத் திருப்பி ஏற்றினார். "அலமாக், அய்யோ... யானைக்குத்தான் இன்னிக்கி அதிர்ஷ்டம் மச்சான்," என்றான் சலீம். யாரும் சிரிக்கவில்லை. சலீமும் சிரிக்கவில்லை.

குன்னூரிலிருந்து பஸ். நிற்க இடமில்லாத கூட்டம். என்னைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு வளைவுக்குள் எழுந்து போய்ப் படியில் தொங்கினார். மோகன் முன்பக்கம் போய் நின்றுகொண்டான். ஏர்போர்ட்டில் பிடுங்கிவிட்டார்கள் என்று சொல்லலாம் என வழியெல்லாம் பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மோகனின் பெரியம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களுக்காகத் தலைசீவி, புதுச்சேலை கட்டிவிட்டிருந்தார்கள். முக்காலியில் தட்டு. சுடுசோறு, மத்தி மீன் குழம்பு. தட்டின் ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

"ஏர்போர்ட்டுல..." என்று ஆரம்பித்தேன். அவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சட்டைத் துணியை முகத்தோடு வைத்து மூச்சை இழுத்தார்.

"இதான்டா. இதேதான். எங்க கொட்டுன?"

பொய் வாயிலேயே நின்றுவிட்டது. "வீசிட்டேன் பெரியம்மா. வெக்கப்பட்டுக்கிட்டு வீசிட்டேன்," என்றேன்.

அவர் திட்டவில்லை. தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு, "கைய இப்பிடியே வெச்சிக்கிட்டு நில்லு லா," என்றார். நான் அவர் மூக்குக்கு நேராகக் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு வாய் சோறு, ஒரு மூச்சு, ஒரு வாய் சோறு, ஒரு மூச்சு என்று தட்டைக் காலி செய்தார். கை கடுத்தது. சலீம் சிரித்துக்கொண்டே அழுதான். இப்படிச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று தெரியுமா என்று மருமகள் வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். புறப்படும்போது என் சட்டையைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார் பெரியம்மா. மலைக்குளிரில் பனியனோடு பஸ் ஏறினேன்.

சட்டையில் வாசம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த டுரியான் சீசன்வரை அவர் உயிரோடு இருக்கவில்லை.

மோகன் என்னோடு மறுபடி பேசக் கொஞ்ச மாதம் ஆனது. அவன் வீட்டில் டுரியான் வெட்டினால் எனக்கு ஆள் அனுப்புவார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள், "அங்கிள், சட்டையக் கழட்டிருங்க!" என்று கத்தும். ஜன்னலை எல்லாம் சாத்துங்கள் என்பான் சலீம். வீடே சிரிக்கும். மோகனின் அம்மா பெரிய சுளையாகப் பார்த்து எடுத்து முதலில் என் கையில் வைப்பார்.

"இது எங்க அக்கா பங்கு. நீ தின்னு," என்பார்.

நானும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்பேன். நான் அதைத் தின்று முடிக்கும்வரை அந்த அம்மா என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை.