பத்துப் பட்டன் பூட்டும் ஒரு கணக்கு வாத்தியாரும்

இனிமேல் என் அறை எனக்கே. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினேன். ஆதரவு ஒரு ஓட்டு. எதிர்ப்பு இல்லை. எதிர்க்க வேண்டியவர் பக்கத்து அறையில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்ததால் அவருக்குச் சங்கதி தெரியாது.

எங்கள் வீட்டு மேலிடம், அதாவது என் மனைவி, தையல்காரி. நான் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வீட்டில் மூன்று அறை. ஒன்றில் தூங்குகிறோம். ஒன்றில் அவள் தைக்கிறாள். மூன்றாவது என்னுடையது என்று ஒரு பேச்சு. அதில் ஒரு மேஜை, ஒரு ஜன்னல், ஒரு சாய்வு நாற்காலி. நாற்பத்தைந்து பிள்ளைகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு வந்து, அந்த நாற்காலியில் ஒரு மணி நேரம் கண்ணை மூடிச் சாய்ந்தால்தான் நான் மறுபடியும் மனுஷன்.

ஆனால் தினமும் எனக்கு முன்னால் யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் கை வைக்காத சட்டை எட்டு. ஒரு நாள் ஜன்னல் திரை மூட்டை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டுக் குழுவின் சீருடை மொத்தமும். எடுக்கச் சொன்னால், அஞ்சே நிமிஷம் என்பாள். தையல்காரர்களின் அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

சாதாரணப் பூட்டுப் போடலாம். ஆனால் அதற்குச் சாவி உண்டு. நான் பத்திரமாக ஒளித்து வைக்கிற எதையும் கடைசியில் எனக்குத் தேடிக் கொடுப்பவள் அவள்தான். அதனால் மறுநாளே கடைக்குப் போய்ப் பட்டன் பூட்டு ஒன்று வாங்கினேன். சாவி கிடையாது. பேட்டரி கிடையாது. ஒன்றிலிருந்து பூஜ்யம் வரை பத்துப் பட்டன். நாம் வைத்த எண்களை அமுக்கிக் கைப்பிடியைத் திருப்பினால் திறக்கும். கடைக்காரர் விளக்கத் தாளைப் பிரித்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். தம்பி, எண்ணைப் பற்றி எனக்கா சொல்கிறீர்கள் என்று அவரைச் சிரித்தே அடக்கிவிட்டேன்.

அந்தத் தாளை வீட்டுக்கு வந்து குப்பைக் கூடையில் போட்டேன். மேலிடம் அதை எடுத்துத் தடவிப் பார்த்தது. கெட்டியான தாள், அளவு வெட்ட ஆகும் என்றாள். இதில் ஒரு சட்டைக் காலரும், கை நுனியில் வருகிற கஃப் ஒன்றும் தேறும் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனாள். காகிதம் எதையும் வீணாக்க மாட்டாள். பழைய வினாத்தாள்களில் பாதி எங்கள் தெருவில் சட்டைகளாக நடமாடுகிறது.

எதற்குப் பூட்டு என்று கேட்டாள். பரீட்சைத் தாள் இருக்கிறது, ரகசியம் என்றேன். நல்லது என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டுத் தச்சர் வந்து கதவில் துளை போட்டுக் கொடுத்தார். எண் வைக்கிற வேலையை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். பூட்டுக்குப் பின்னால் ஒரு தகடு. அதைக் கழற்றினால் உள்ளே சின்னச் சின்னப் பித்தளைத் துண்டுகள், சிவப்பும் நீலமும். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங். நமக்கு வேண்டிய எண்ணில் சிவப்பு, மற்றதில் நீலம். இவ்வளவுதான். தகட்டைக் கழற்றும்போது, தப்பாக அமுக்கியதை அழிக்க என்று தனியாக இருக்கிற அழி பட்டனை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. கழற்றினேன். ஸ்பிரிங் எல்லாம் ஒரே நேரத்தில் விடுதலை பெற்றன. ஒன்று என் மூக்கில் பட்டது.

மேலிடம் ஊசி பொறுக்குகிற காந்தத்தைக் கொண்டுவந்து தரையில் ஒரு வட்டம் அடித்தது. அரை நிமிஷத்தில் பத்தும் வந்துவிட்டன. ஓவர்லாக் மிஷினில் நூல் கோக்கிற இடுக்கியையும் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, நான் கேட்டுக்கொண்டபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். பெருந்தன்மையாக அவளுக்கு விளக்கினேன்.

"பத்துப் பட்டன். நாலு எண்ணு. பத்து, ஒம்பது, எட்டு, ஏழு, நாலையும் பெருக்கு. ஐயாயிரத்து நாப்பது வழி. ஒண்ணுக்குப் பத்து விநாடின்னு வெச்சாலும் திறக்கறதுக்குப் பதினாலு மணி நேரம்."

"அம்மாடி," என்றாள் சுவரிடம். "அவ்வளவு நேரம் யாருக்குங்க இருக்கு?"

மூன்று நாள் சொர்க்கம். பள்ளிக்கூடம் விட்டு வருவேன், நாலு பட்டனை அமுக்குவேன், சாய்வேன். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். பக்கத்து அறையில் மிஷின் ஓடுகிற சத்தம்கூடத் தாலாட்டு மாதிரி இருந்தது. நாலாம் நாள் கதவைத் திறந்தேன். நாற்காலியில் திரை மூட்டை சாய்ந்திருந்தது.

கதவை நான்தான் சரியாகச் சாத்தவில்லை என்று நினைத்து எண்ணை மாற்றினேன். மறுநாள் பாட்டுக் குழு. மறுபடி மாற்றினேன். மறுநாள் பாட்டுக் குழுவும் திரையும் சேர்ந்து. ஐயாயிரத்து நாற்பது வழியில் மூன்று முறை தற்செயலாக அமைவதற்கு என்ன வாய்ப்பு என்று கணக்குப் போட்டேன். விடையில் புள்ளிக்குப் பிறகு பதினொரு பூஜ்யம் வந்தது. நேரே மிஷின் அறைக்குப் போனேன். அங்கே வங்கியில் வேலை பார்க்கிற அம்மாள் ஒருவர் சட்டை வாங்கக் காத்திருந்தார். வெளி ஆள் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், எப்படித் திறந்தாய் என்று கேட்டுவிட்டேன்.

அவள் என்னைக் கதவுக்கு அழைத்து வந்தாள். அந்த அம்மாளும் கூடவே வந்தார்.

"ஸ்கூல்ல இருந்து வந்ததும் கை கழுவாம நேரா இதைத்தான அமுக்குறீங்க. பாருங்க, நாலு பட்டன்ல மட்டும் வெள்ளையா சாக்பீஸ் தூசி. நாள் பூரா சாக்பீஸ் கோட்டைப் பாத்தே துணி வெட்டுறவ நான். எனக்குத் தெரியாதா?"

"சரி. எந்த நாலுன்னு தெரியும். எதுக்கப்புறம் எதுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் ஒரு காலர் அளவுத் தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அதன் வளைவு ஓரமாக அச்சில் இருந்தது: எண்களை எந்த வரிசையிலும் அமுக்கலாம்.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இருபத்திரண்டு வருஷமாக நான் வகுப்பில் முதலில் கேட்கிற கேள்வி, வரிசை முக்கியமா இல்லையா என்பதுதான். அதைக் கேட்காமல் கணக்கைத் தொடங்கும் பிள்ளைக்கு முட்டை மார்க். வரிசை முக்கியமில்லை என்றால் ஐயாயிரத்து நாற்பதாவது, மண்ணாவது. இருபத்து நாலால் வகுத்தால் இருநூற்றுப் பத்துதான். வங்கி அம்மாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் கைக்குட்டைதான் எனக்கு ரோஷத்தைக் கிளப்பியது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நீயே ஒரு எண்ணு வை. இருநூத்திப் பத்து வழி, ஒண்ணுக்குப் பத்து விநாடி. முப்பத்தஞ்சே நிமிஷத்துல நான் திறக்கிறேன். திறந்துட்டா ஒரு நூல்கூட உள்ள வரக் கூடாது."

"திறக்கலைன்னா?"

"அறையே உனக்கு. நாற்காலியோட."

அம்மா, நீங்கதான் சாட்சி என்று என் மனைவி வங்கி அம்மாளிடம் சொல்லி வைத்தாள்.

ஞாயிறு காலை நான் சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் ஒரு ஸ்பிரிங்கூடத் துள்ளவில்லை. இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது. திரும்பிப் பார்த்தால் பத்துப் பட்டனிலும் தையல் சாக்பீஸை ஒரே சீராகத் தேய்த்து வைத்திருந்தாள், நீல நிறத்தில். கவலையில்லை. இது தூசியை நம்பிய வேலை அல்ல, கணக்கு. முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மடியில் நோட்டு. ஒன்று இரண்டு மூன்று நாலு. திருப்பு. இல்லை. அழி. ஒன்று இரண்டு மூன்று ஐந்து. திருப்பு. இல்லை.

ஐம்பதில் டீ வந்தது. நூறில் துணி வாங்க வந்தவர்கள் நாலு பேர் பின்னால் நின்றுகொண்டார்கள். வங்கி அம்மாளும் வந்திருந்தார், தைக்க ஒன்றும் இல்லாமலே. நூற்றைம்பதில் தச்சர் தன் வீட்டிலிருந்தே நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார். மேலிடம் காஜா தைத்துக்கொண்டே, நிதானமா அமுக்குங்க, விரல் வலிக்கப் போகுது என்று அக்கறையாகச் சொன்னது. இருநூற்றொன்பது. இல்லை. ஏழு எட்டு ஒன்பது பூஜ்யம், இருநூற்றுப் பத்து. எழுந்து நின்று, எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, கைப்பிடியைத் திருப்பினேன்.

திரும்பவில்லை.

பூட்டு ரிப்பேர் என்றேன். நீ பித்தளைத் துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டாய் என்றேன். அவள் ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். டக், டக், டக், டக், டக். கதவு திறந்தது. தச்சர் கை தட்டினார்.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். "அஞ்சு தடவை அமுக்கின."

"ஆமா. எத்தனை எண்ணு வேணும்னாலும் வெச்சுக்கலாம்னு அதுலயே போட்டிருக்குங்க," என்றாள், திரை மூட்டையைத் தூக்கி என் நாற்காலியில் வைத்தபடி. "அது கஃப்ல இருக்கு. நீங்க காலரை மட்டும்தான படிச்சீங்க."