மாட வீதியில் ஓர் ஆள் அதிகம்

மயிலாப்பூரை நான்தான் காப்பாற்றியாக வேண்டும் என்று 1998-ல் முடிவு செய்தேன். வேறு யாரும் அந்த வேலைக்கு முன்வரவில்லை.

வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பெரிய பெரிய பஸ்கள் மாட வீதிக்குள் நுழையும். ஹாரன் அலறும். அவர்கள் போன பிறகு தெப்பக்குளப் படியெல்லாம் தண்ணீர் பாட்டில். வீட்டுக்குக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வந்த கையோடு ஒரு வெப்சைட் போட்டேன்: 'பஸ் இல்லை, பிளாஸ்டிக் இல்லை. கஸ்தூரிரங்கனுடன் நடந்தே மயிலாப்பூர் பாருங்கள்.'

ஈமெயிலில் வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்தார்கள். ஒரு நடைக்கு எட்டுப் பேர்தான். அதற்கு மேல் வீதி தாங்காது. கூடவே என் மனைவி வேம்பு, குடத்தில் தண்ணீரும் கையில் டம்ளருமாக வந்தாள். சிக்கல் அங்கேதான்.

குளக்கரையில் நின்று பல்லவரில் ஆரம்பிப்பேன். சோழருக்கு வருவதற்குள் எதிரே ஆளே இருக்காது. எல்லாரும் பூக்காரி தங்கத்தையும் வேம்புவையும் சுற்றி நிற்பார்கள்.

“இன்னா மாமி, பட்டாளத்தோட வந்துகீறே?”

“அது இருக்கட்டும். இது உன் முழமா, உன் பேத்தி முழமா?”

பாஷை புரியாமலே எட்டுப் பேரும் கைதட்டுவார்கள்.

என் மானம் போயிற்று. வராதே என்று நேரே சொன்னால் வீட்டில் காப்பி நின்றுவிடும். எனவே புள்ளிவிவரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

“வேம்பு, போன வாரம் வந்தவாளை ஈமெயில்ல அபிப்பிராயம் கேக்கணும். இனிமே அவா சொல்றபடிதான் எல்லாம்.”

“கேளுங்கோ.”

“நீயே டைப் அடிச்சுடு.” அவள் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். நான் ஒற்றை விரல். “கூட்டம் குறைஞ்சா வீதிக்கு நல்லது. எங்க ரெண்டு பேர்ல யார் வராம இருக்கலாம்? இதான் கேள்வி.”

வேம்பு தலை நிமிராமல் அடித்து முடித்தாள்.

“கோவமில்லையே?”

“எதுக்கு? வீதி நன்னா இருந்தா சரி.”

எனக்கே பாவமாகப் போய்விட்டது. ஒரு புடவை எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புது ஜிப்பாவில் வாசலுக்கு வந்தால், வேம்பு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ எங்கே கிளம்பிட்டே?”

“பதிலெல்லாம் நேத்திக்கே வந்துடுத்து. எட்டுப் பேரும் எழுதியிருக்கா. ஒரு ஆள் ஆத்துலயே இருக்கலாமாம்.”

“யாராம்?”

“அடுப்புல பால் வெச்சிருக்கேன். பொங்காம பாத்துக்கோங்கோ.”

“எட்டுப் பேருமா?”

வேம்பு யோசித்தாள். என்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு.

“ஒருத்தர் மட்டும் உங்க பேரைத் தப்பா எழுதியிருக்கார். அதை வேணா தள்ளிடலாம்.”