என் கைப்பட்டை தனியாக நடந்த வாரம்

இலவசமாக யார் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பவன் நான். கோயில் சுண்டலைக்கூட நேற்றையதோ என்று முகர்ந்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். (வல்லக்கோட்டை முருகன் இதுவரை தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.) ஒரகடத்தில் கார் விளக்கு செய்யும் லைனில் குவாலிட்டி பார்க்கிறேன், நல்ல விளக்கிலும் குறை தேடுவதற்குத்தான் சம்பளம். அந்தப் புத்தி ஷிப்ட் முடிந்த பிறகும் என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடும்.

அப்படிப்பட்டவனுக்குக் கம்பெனி ஒரு கைப்பட்டை கொடுத்தது. ஆரோக்கிய மாதமாம். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். நடையையும் இதயத் துடிப்பையும் பட்டையே கணக்கெடுக்குமாம். என் மேல் இவர்களுக்கு என்ன திடீர்ப் பாசம்? எத்தனை முறை பாத்ரூம் போகிறேன், டீக்கு எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று வேவு பார்க்கத்தான் இது என்று முடிவு கட்டினேன்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. ஆறு மாதம் முன்பு படப்பையில் ஒரு லேபில் யாருக்கும் தெரியாமல் ரத்தம் கொடுத்ததில் சர்க்கரை முந்நூற்று நாற்பது. சீட்டை நாலாக மடித்து ஒளித்து வைத்துவிட்டேன். கம்பெனிக்குத் தெரிந்தால் லைனிலிருந்து தூக்கி ஸ்டோரில் உட்காரவைப்பார்கள். மனைவி செல்விக்குத் தெரிந்தால் டீயே கிடைக்காது. எது பெரிய தண்டனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பட்டைக்கான படிவத்தில் போன் நம்பர் கேட்டிருந்தார்கள். என் நம்பரைக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன் என்று செல்வி நம்பரை எழுதிக் கொடுத்தேன். (எவ்வளவு பெரிய மூளை பாருங்கள்.)

லைனில் என் பக்கத்தில் ஸ்குரூ கிண்ணம் ஒன்று உண்டு. நாள் முழுக்க அதிர்ந்து அதிர்ந்து ஸ்குரூக்களை வரிசையாக மேலே ஏற்றிவிடும். ஷிப்ட் ஆரம்பத்தில் பட்டையை அதில் கட்டுவேன், முடியும்போது கழற்றிக்கொள்வேன். முதல் நாளே நாற்பத்தைந்தாயிரம் அடி. பஸ்ஸிலிருந்து கம்பெனி கேட்டுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிற எனக்கு அதைப் பார்த்து ஒரு கர்வம்கூட வந்தது.

நாலாம் நாள் மத்தியானம் மெடிக்கல் ரூமுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. போனால், டாக்டருக்கு எதிரே செல்வி. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சண்டைக்கு அவள் நல்ல புடவைதான் கட்டுவாள்.

என் நடைக்கணக்கு தினமும் சாயங்காலம் அவள் போனுக்கு மெசேஜாகப் போயிருக்கிறது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் வேலை நேரத்தில் முப்பது கிலோமீட்டர் எவள் வீட்டுக்கு நடக்கிறான் என்று மூன்று நாள் யோசித்து, நாலாம் நாள் ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். பட்டைக் கணக்கையெல்லாம் பார்ப்பவர் டாக்டர்தான் என்று கேட்டில் அவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். டாக்டருக்கு வேறு கவலை. இத்தனை நடக்கிற ஆளுக்கு வேலை நேரத்தில் இதயத் துடிப்பே பதிவாகவில்லை.

இரண்டு பேரும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஸ்குரூ கிண்ணத்தைக் காட்டிக்கொடுத்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மீட்டரில் வைத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"போன தடவைக்கு இது பரவாயில்லையே" என்றேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"போன தபான்னா, எப்போ?" என்றாள் செல்வி.

சொன்னேன். அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எவ கூடவோ சுத்திகினு கீறன்னு மூணு நாளா தூங்கல. அதுவே தேவலாம் போல கீது. அவளாண்ட போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். சக்கரையாண்ட போய் இன்னா கேக்குறது? எங்கிட்ட சொல்லணும்னு கூட உனுக்குத் தோணல."

அழவில்லை அவள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

டாக்டர் மெதுவாக மேஜை டிராயரைத் திறந்து தன் சர்க்கரை மாத்திரை அட்டையைக் காட்டினார். என் சூப்பர்வைசரும் அதையேதான் விழுங்குகிறாராம். யாரையும் யாரும் ஸ்டோருக்கு அனுப்பவில்லையாம். கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், பட்டையைச் சந்தேகப்பட்டேன். உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்த சர்க்கரையை மட்டும் தானாகப் போய்விடும் என்று நம்பியிருக்கிறேன். உடம்புக்கு மாத்திரையும் நடையும் வேண்டும்தான். ஆனால் வீட்டில் ஒருத்தரிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் புத்தி வந்தது.

பட்டையைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது. இப்போது தினமும் காலையில் எங்கள் மனைப்பிரிவு ரோட்டில் செல்வியும் நானும் நடக்கிறோம். முடிந்ததும் என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அவளுக்கு நாடி எண்ணத் தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, "கீது" என்று சொல்லிவிட்டுக் கையை விடுவாள்.

யாராவது போனில் கூப்பிட்டு அப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால், காலேஜில் படிக்கும் என் மகளும் அதையேதான் சொல்கிறாள்: "கீது. அம்மா இன்னிக்கும் தொட்டுப் பாத்துட்டாங்க."