மாடியில் மட்டும் பேசும் இன்ஜினியர்

தருமபுரம், காரைக்கால்
ஞாயிற்றுக்கிழமை

பாரிசில் வாழும் பெருமதிப்பிற்குரிய தங்கையன் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் சோமசேகரன் வணக்கத்துடன் விண்ணப்பித்துக்கொள்வது. அக்காவும் பிள்ளைகளும் க்ஷேமமாயிருக்கக் கைலாசநாதரை வேண்டுகிறேன். இங்கும் யாவரும் க்ஷேமம், என்னைத் தவிர. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் சபை விஷயம் என் வீட்டுக்காரி பெரியநாயகி காதில் விழும். ஆகையால் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், படித்ததும் அழித்துவிடவும்.

விஷயம் என்னவென்றால், நம் சகோதர சபைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். உறுதியாக இருக்கிறது என்று ஒரு இன்ஜினியர் வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் இடிப்பதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் கப்பல்காரர்களும் வக்கீல்களும் சாதி மதம் பாராமல் கூடிக் கட்டியது, நூற்று முப்பது வருஷப் புயலுக்கெல்லாம் அசையாதது, நான் செயலாளராக இருக்கும்போதுதானா இடிய வேண்டும்? கடைத்தெருவில் நின்று பார்த்தால் என்ன கம்பீரம்! இரண்டு பெருந்தூண், உச்சியில் நம் சபைச் சின்னமான கவராயமும் மூலைமட்டமும், மாடியில் எட்டு ஜன்னல். அந்த எட்டில் ஒன்றுகூட ஜன்னல் இல்லை, வெளியார் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்று சுவரிலேயே செய்த பொய் ஜன்னல் என்பது நமக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. அதனால்தானே அதைத் தலைவெட்டிக் கோயில் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள்.

போன வருஷம்தான் வெளிப்பக்கம் புதுப் பூச்சு பூசினோம், ஆகவே விரிசலைப் பார்க்க மாடி மண்டபத்துக்குள் போயாக வேண்டும். சகோதரர் அல்லாதவர் மண்டபத்தில் கால் வைக்கக் கூடாது என்பது சபை விதி. மிச்சமிருப்பதோ உங்களையும் சேர்த்து நாலு பேர், அதில் ஒருவருக்கும் சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும் வித்தியாசம் தெரியாது. நம்ம ஜவுளிக்கடை காதர் பாட்சாதான் யோசனை சொன்னார், "இன்ஜினியரையே சகோதரராச் சேத்துக்குவோம் தம்பி, அதுக்கென்ன." எனக்கும் சரின்னு பட்டுது. நெடுங்காட்டு ரஞ்சித்குமார்னு ஒரு இன்ஜினியர், தங்கமான பிள்ளை. முறைப்படி கண்ணைக் கட்டி மாடிக்குக் கூட்டிட்டுப் போனோம். மூணாம் படி பேந்திருக்குன்னு சொல்ல மறந்துட்டேன். முழங்கால் சிராய்ச்சு, ரத்தம் வந்து, அப்பவும் மனுஷன் முகம் சுளிக்கல. உள்ளே கண்டதை வெளியாருக்குச் சொன்னா நாக்கு அழுகிப்போகட்டும்னு சத்தியம் பண்ணச் சொன்னோம், கணீர்னு பண்ணார். நமக்கெல்லாம் அப்படி ஒருநாளும் குரல் வந்ததில்லை.

அங்கதான் அத்தான் வினையே! மண்டபத்துக்குள்ள அரைநாள் தட்டிப் பார்த்தார், அளந்தார், கிளி மாதிரி பேசினார். கீழே இறங்கினதும் வாய் பூட்டிக்கிச்சு. "தம்பி, கட்டடம் நிக்குமா நிக்காதா?"ன்னு தெருவுல வெச்சுக் கேட்டா, "அண்ணே, மேல வாங்க, சொல்றேன்"ங்கிறார். சரி, எழுத்துல கொடுங்கன்னா, "நகராட்சியில படிக்கிறவங்க நம்ம சகோதரர்களா?"ன்னு கேக்குறார். சத்தியம்னா அவங்க வீட்டுல விளையாட்டு இல்லையாம். வேற ஆளைக் கூப்பிடலாம்னா அவரையும் சேக்கணும், அவரும் நாக்கு அழுகச் சத்தியம் பண்ணணும். "அப்ப நகராட்சியையே சேத்துக்குவோமே"ங்கிறார் காதர் பாட்சா. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு.

சத்தியத்தை விடுவிக்கிற அதிகாரம் சபைத் தலைவரான உங்களுக்கு மட்டும்தான், அதுவும் மண்டபத்துல தலைவருக்குன்னு இருக்கிற கிழக்கு நாற்காலியில நேர்ல உட்கார்ந்துதான். ஆகையால் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வியாழக்கிழமைக்குள் விமானம் ஏறி வந்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். அம்மையார் அருளால் எல்லோரும் நீடூழி வாழ்க.

இங்ஙனம்,
தங்கள் அடக்கமுள்ள மைத்துனன்,
சோமசேகரன்

பி.கு. (திங்கள் மதியம்): அனுப்பறதுக்குள்ள எல்லாம் மாறிப்போச்சு. காலையில பதினோரு மணி மழையில தெருப்பக்கச் சுவர் எட்டு ஜன்னலோட அப்படியே சரிஞ்சிடுச்சு. கைலாசநாதர் புண்ணியம், யாருக்கும் காயமில்லை. கடைத்தெருவே எதிர் மாடியில ஏறி, குடை பிடிச்சுக்கிட்டு நின்னு உள்ளே பார்த்துச்சு. நீலக் கூரை, தங்க நட்சத்திரம், கறுப்பு வெள்ளைத் தரை, மூணு நாற்காலி. "இம்புட்டுதானா?"ன்னு போயிட்டாங்க. ரஞ்சித்குமார் மட்டும் ஓடி வந்து, "ஊரே பார்த்தாச்சு, இனிமே என்னண்ணே ரகசியம்"னு நடுத்தெருவுல நின்னே எழுதிக் கொடுத்துட்டார். விழுந்தது வெறும் மறைப்புச் சுவராம், உத்திரமெல்லாம் மத்த மூணு சுவர் மேலதான் உட்கார்ந்திருக்காம், இடிக்கவே வேண்டாமாம். அதனால நீங்க வர வேண்டாம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

ஆனா பெரியநாயகியும் வந்து பார்த்துட்டா. முப்பத்தோரு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்கே போறேன்னு கேட்டு அழுதவ. ரொம்ப நேரம் உத்துப் பார்த்துட்டு, "அங்க உட்கார்ந்து என்னதாங்க பண்ணுவீங்க?"ன்னா. "டீ குடிப்போம்"னேன். அத்தான், அதுதானே நிஜம்! "பொய்"ன்னுட்டு வீட்டுக்குப் போனவ இன்னும் கதவைத் திறக்கல. டிக்கெட் கிடைச்சா இன்னைக்கே கிளம்புங்க. தலைவர் நேர்ல வந்து, டீதான் குடிச்சோம்னு அவகிட்ட ஒரு சத்தியம் பண்ணணும்.