நோபடி வந்தாலும் இஸ், எவ்ரிபடி வந்தாலும் இஸ்

மனிதர்களில் திருத்தல்காரர் என்றொரு வகை உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் உங்களைப் பார்த்திருப்பார். நீங்கள் வாய் திறப்பதற்காகக் காத்திருப்பார். நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பது அவருக்கு முக்கியமில்லை. எந்த இடத்தில் வழுக்குவீர்கள் என்பதுதான் முக்கியம்.

இதிலும் பல கிளைகள். ழகரத்துக்கு ஒருவர், நாட்டுத் தலைநகரங்களின் பெயருக்கு ஒருவர், கணக்குக்கு ஒருவர். நான் சொல்ல வந்தது ஆங்கிலத்தில் எவ்ரிபடி, நோபடி, சம்படி, எனிபடி என்ற நான்கு பேருக்கு மட்டும் காவல் நிற்கிற கிளை. மற்றப் பிழைகளை இவர்கள் மன்னித்துவிடுவார்கள். இந்த நான்கு பேர் மேல் கை வைத்தால் விடமாட்டார்கள்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் படித்தது நான்காம் வகுப்பு வரை. ஐந்தாம் வகுப்பு எனக்காகக் காத்திருந்தது, நான் போகவில்லை. பழப்பெட்டி தூக்கப் போனேன். என் ஆங்கிலமெல்லாம் பெட்டிமேல் அச்சடித்திருந்த ஆங்கிலம். திஸ் சைடு அப். ஹேண்டில் வித் கேர். இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஒரு குளிர்பதனக் கிடங்கு கட்டி, வாசலில் லாரிகளை வரிசையில் நிற்கவைத்தவன் நான். கல்லூரிக்குப் போனவர்கள் என்னிடம் வந்து 'ஐயா, ஒரு இடம் கிடைக்குமா' என்று கேட்கிறார்கள். நான் தமிழில்தான் பதில் சொல்கிறேன். அவர்களுக்குப் புரிகிறது.

என் கிடங்கு அலுவலகத்தை நடத்துகிறவர் என் மைத்துனர். வேறொரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே என் மனைவி, 'தம்பி வீட்ல சும்மா உக்காந்து அவன் பொண்டாட்டியத் திருத்திக்கிட்டு இருக்கான், பாவம் அவ' என்றாள். நல்ல மனசோடு நான் அவரை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் மனைவி குண்டாகிவிட்டாள்.

அவருக்கு ஆட்கள் வைத்த பெயர் இஸ்ஸு சார். காரணப் பெயர். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வந்து, 'சார், எவ்ரிபடி ஆர் வெயிட்டிங்' என்பார். வெளியே லாரி நிற்கும், பழம் வெயிலில் வேகும், சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். 'இஸ்' என்பார். அவ்வளவுதான். டிரைவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, முழு வாக்கியத்தையும் இஸ் போட்டுச் சொன்ன பிறகுதான் கேட் சீட்டு கிடைக்கும்.

ஒருநாள் என்னையும் உட்காரவைத்து விளக்கினார். எல்லாரும் என்றால் தமிழில் கும்பல். ஆங்கிலத்தில் எவ்ரிபடி என்றால் ஒற்றை ஆளாம். இருக்கிற அத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'இஸ்' போட வேண்டுமாம். யாருமே இல்லாத நோபடிக்கும் அதே இஸ்தானாம்.

'அப்ப எவ்ரிபடிக்கு மத்தியானம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினாப் போதுமா மாப்ளே?' என்று கேட்டேன்.

'அத்தான், இது இலக்கணம்' என்றார்.

அவர் பதில் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். திருத்தல்காரர்கள் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கேள்வி சரியாகக் கேட்கப்பட்டதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இந்த வகையை எங்கே பார்த்தாலும் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். எதிரே இருப்பவர் பேசும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், உதட்டைப் பார்ப்பார்கள்; கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மாப்பிள்ளை பெயரைப் படிப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பார்கள்; மருத்துவமனை வாசலில், கடை வரிசையில், எங்கே நின்றாலும் எதிரில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தால் அவர்களுக்குப் பொழுது போய்விடும். ஒரு சாவு வீட்டுக்கு நாங்கள் சேர்ந்து போனோம். இறந்தவரின் தம்பி என் மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்: எவ்ரிபடி ஹேவ் டு கோ ஒன் டே. எல்லாரும் ஒருநாள் போகவேண்டியவர்கள்தானே என்கிறார், பாவம். இவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, மிக இதமாக, 'ஹேஸ்' என்றார். அந்த மனிதர் அழுகையை நிறுத்தினார். 'ஹேஸ் டு கோ' என்று திருத்திச் சொன்னார். பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதார்.

அலுவலகத்தில் ஒரு போன் குழு ஆரம்பித்தார் சார். கிடங்கு ஆட்கள் அத்தனை பேரும் அதில் உண்டு. தமிழ் கூடாது. தினமும் காலையில் சார் ஒரு பாடம் அனுப்புவார்: மூன்று வாக்கியம், அதில் நம் நான்கு பேரில் யாராவது இருப்பார்கள். அதை ஆளுக்கு மூன்று முறை எழுதி அனுப்ப வேண்டும். கேள்வியாக இருந்தால் பதிலும் எழுத வேண்டும். பேக்கிங் பிரிவு அக்காதான் முதல் ஆளாக எழுதுவார். வாட்ச்மேன் கட்டைவிரல் படம் போட்டுத் தப்பித்துக்கொள்வார். விளைவு என்ன தெரியுமா? குழுவில் யாரும் வேலை விஷயமாக ஒரு வரி எழுதுவதில்லை. எழுதினால்தானே பிழை?

இப்படியிருக்கையில் ஒருநாள் பெரிய அறையின் கதவு மக்கர் செய்தது. குளிரறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே ஒரு கைப்பிடி இருக்கும், அதை அமுக்கினால்தான் உள்ளிருந்து திறக்கும். அந்தப் பிடி உடைந்துவிட்டது. மெக்கானிக் மத்தியானம் வருவதாகச் சொன்னார். அதுவரை ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று டிரைவர் இரண்டு அட்டையை வெட்டி, தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி, கதவுக்கு வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக ஒட்டினார். நோபடி ஆர் அலவுடு என்று எழுதியிருந்தார். உள்ளே எதற்கு என்று பிற்பாடு கேட்டேன். 'உள்ள போனவன் படிக்க வேணாமா முதலாளி?' என்றார்.

சார் அந்தப் பக்கம் வந்தார். வெளி அட்டையில் 'ஆர்' இருந்தது. பேனாவால் அடித்து 'இஸ்' போட்டார். உள்ளேயும் ஓர் அட்டை ஒட்டியிருப்பது கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே தெரிந்தது. அதிலும் அதே ஆர்தான் இருக்கும். அவரால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? நீங்களே சொல்லுங்கள். தனியாக உள்ளே போகாதே என்கிற அட்டையைத் திருத்த, அவர் தனியாக உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

அரைக்கைச் சட்டை. இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். உள்ளே ஆப்பிள் வைக்கிற குளிர். கத்தினால் வெளியே கேட்காது. நான் பணம் கொட்டிக் கட்டிய சுவர், சாதாரணச் சுவரா? போனில் பேச சிக்னல் எடுக்காது. ஒரு மூலையில் நின்றால் செய்தி மட்டும் போகும். அவர் போனில் தமிழ் எழுத்து கிடையாது, வேண்டாம் என்று எடுத்துவிட்டவர். எனவே குழுவில் ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்து, சரிபார்த்த பிறகே அனுப்பியிருக்கிறார்.

நோபடி இஸ் அவுட்சைட் த டோர். இஸ் எனிபடி லிசனிங்? சம்படி ஹேஸ் டு ஓபன் இட்.

வெளியே ஒருவரும் இல்லை, யாராவது கேட்கிறீர்களா, யாராவது வந்து கதவைத் திறக்க வேண்டும். இதைவிடச் சுத்தமாக ஒரு மனிதன் உயிருக்கு மன்றாட முடியாது.

நான் அப்போது அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் பெண்ணின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வருகிற ஆங்கிலத்தை அவள்தான் படித்துச் சொல்வாள். போனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

'இன்னைக்கு ரெண்டாவது பாடமும் அனுப்பிட்டாரு சார். நோபடி, எனிபடி, சம்படி, மூணையும் சேத்து ஒரு கதை மாதிரி எழுதியிருக்காரு.'

அர்த்தம் கேட்டேன். சொன்னாள். உதாரணத்துக்குக் கூட நம் கதவையே எடுத்துக்கொண்டிருக்கிறாரே, தொழில் மேல் பற்றுள்ள மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பேக்கிங் அக்கா மூன்று முறை எழுதி அனுப்பிவிட்டார். வாட்ச்மேன் கட்டைவிரல் போட்டார். நடுவில் ஒரு கேள்வி இருந்ததால் டிரைவர் யோசித்து யோசித்துப் பதிலும் எழுதினார்: எஸ் சார், எவ்ரிபடி இஸ் லிசனிங். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சரியாகப் போட்ட இஸ் அது. போனைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து காட்டினார்.

உள்ளேயிருந்து உடனே வந்தது: நோ. நோபடி இஸ் லிசனிங்.

டிரைவரின் முகம் விழுந்துவிட்டது. 'இஸ் போட்டேனேம்மா, அதுலயும் நொட்டையா?' என்று கணக்குப் பெண்ணிடம் கேட்டார். அவள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, சாருக்கு எவ்ரிபடி பிடிக்கவில்லை, நோபடி கேட்கிறார் போலிருக்கிறது என்றாள். அவரும் மாற்றி எழுதினார்: எஸ் சார், நோபடி இஸ் லிசனிங். அக்கா அதையும் மூன்று முறை எழுதினார். குழு முழுக்க, யாரும் கேட்கவில்லை ஐயா, யாரும் கேட்கவில்லை ஐயா என்று வரிசையாக வந்து விழுந்தது. அத்தனையும் பிழையில்லாத ஆங்கிலம்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. விரல் விறைத்துப்போயிருக்கும். உடம்பு நடுங்கத் தொடங்கினால் புத்தி பிறந்த பாஷைக்கு ஓடிவிடும் போலிருக்கிறது. யாரும் வரல, கதவு பூட்டிக்கிச்சு, எல்லாரும் வாங்க என்று உள்ளே தமிழில் கதறியிருக்கிறார். கை அதை அப்படியே ஆங்கிலமாக்கி அனுப்பிவிட்டது.

எனிபடி நாட் கேம். டோர் ஆர் லாக். எவ்ரிபடி ப்ளீஸ் கம்ஸ்.

கணக்குப் பெண் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். டிரைவர் ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

'என்னம்மா?' என்றேன்.

'சார் தப்பா எழுதியிருக்காரு.'

வேறு எதுவும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேக்கிங் பிரிவில் டேப்பு சுற்றும் சத்தம் நின்றது. வாட்ச்மேன் கேட்டைப் போட்டபடி போட்டுவிட்டு ஓடிவந்தார். எவ்ரிபடி ஓடியது. இந்த இடத்தில் ஒருமைதான் பொருத்தம். அத்தனை பேரும் ஒரே ஆளாகத்தான் ஓடினார்கள்.

கதவைத் திறந்தபோது ஆப்பிள் அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். பேனா கையில். எதிரே இருந்த அட்டையில் ஆர் அடிக்கப்பட்டு இஸ் ஆகியிருந்தது. அந்த வேலையை முதலில் முடித்துவிட்டுத்தான் உதவி கேட்டிருக்கிறார். தார்ப்பாயில் சுற்றி வெளியே தூக்கி வந்தோம். டாக்டர் வந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இருதயம் நின்றிருக்கும் என்றார். அக்கா அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே அழுதார். 'நான் மூணு தடவை எழுதினேனே சார்' என்றார்.

சார் உதட்டை அசைத்தார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

'அத்தான், அந்தக் கடைசி மெசேஜை அழிச்சிடச் சொல்லுங்க.'

'எல்லாரும் பாத்துட்டாங்க மாப்ளே. அதனாலதான் நீ உசுரோட இருக்கே.'

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உயிர் பிழைத்த நிம்மதி என்று டாக்டர் நினைத்தார். எனக்குத் தெரியும், அது நிம்மதி இல்லை.

மறுநாள் வீட்டில் போர்வைக்குள் இருந்தபடியே குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினார். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. நோபடி ஹேஸ் கம். த டோர் இஸ் லாக்டு. எவ்ரிபடி, ப்ளீஸ் கம். தன்னுடைய கடைசிக் கூக்குரலைத் திருத்தி மறுபதிப்பு போட்டிருக்கிறார். கிடங்கில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஆப்பிள்தான் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை எனக்கு உண்மையாகச் சொல்லுங்கள். குளிரில் விறைத்த கை எழுதிய அந்தச் செய்தியைப் படித்தபோது உங்கள் கண் முதலில் எங்கே போனது? பூட்டிய கதவுக்கா, அல்லது டோருக்குப் பக்கத்தில் நின்ற 'ஆர்' மேலா? கதவுக்குத்தான் என்றால் சந்தோஷம். 'ஆர்' மேல் என்றால், கூச்சப்படாமல் இன்றைக்கே வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லி வைத்துவிடுங்கள்: நீங்கள் எதையாவது தப்பாக எழுதினால், உடனே ஓடிவர வேண்டும் என்று.